சாப்பிட்டது உடம்பில் சேர்ந்ததா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கேத்திக்காரன்:
பாப்பாவுக்கு அப்போது ஒன்றேகால் வயது. உள்ளங்கை மஞ்சளாக இருக்கிறதே என்று முதலில் சொன்னது பக்கத்து வீட்டு அக்கா. வாசல் வெயிலில் வைத்துப் பார்த்தால் கை மட்டுமா, பாதம், மூக்கு நுனி எல்லாம் ஆரஞ்சு. மஞ்சள் காமாலை என்று முடிவே கட்டிவிட்டோம். மாமியார் கீழாநெல்லி தேடிக் கிளம்ப, நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு குன்னூருக்கு பஸ் ஏறினேன். டாக்டர் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், சிரித்தார். "கண்ணு வெள்ளையாத்தானே இருக்கு, காமாலைன்னா அதுதான் மொதல்ல மஞ்சளாகும். வீட்டுல கேரட் போட்டிருக்கீங்களா?"

ஒன்றரை ஏக்கர் போட்டிருக்கோம் சார் என்றேன். கழுவுகிற மெஷினில் உடைந்த கேரட் மார்க்கெட்டுக்குப் போகாது, வீட்டுக்குத்தான் வரும். அதை வேகவைத்து, நெய் விட்டு மசித்து, தினமும் இரண்டு வேளை ஊட்டினோம். நெய் என் யோசனை. பச்சையாகக் கடித்திருந்தால் பாதிக்கு மேல் அப்படியே வெளியே போயிருக்குமாம். வேகவைத்து மசித்ததில் நிறச்சத்து பிதுங்கி வெளியே வருகிறது, பித்தநீர் நெய்யைப் பொடிப்பொடித் துளியாக உடைக்கிறது, அந்தத் துளியில் கரைந்து கேரட் நிறம் குடல் சுவருக்குள் ஏறிவிடுகிறது. உடம்பு தனக்கு வேண்டிய அளவு வைட்டமின் ஏ ஆக்கிக்கொண்டு மிச்சத்தைத் தோலில் கொண்டுபோய் வைத்துவிட்டது. ஆபத்து ஒன்றும் இல்லை, நிறம் போகத்தான் இரண்டு மாதம் ஆனது. ஊரில் இன்னும் "கேரட் பாப்பா" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

லவ்டேல் ராணி:
எனக்கு பீட்ரூட். காலையில் பாத்ரூமில் சிவப்பைப் பார்த்ததும் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது வரைக்கும் யோசித்துவிட்டேன். முந்தின ராத்திரி பொரியல் ஞாபகம் வர அரை மணி நேரம் ஆயிற்று! அதே பொரியலை இரண்டு மடங்கு சாப்பிட்டவர் என் வீட்டுக்காரர், அவருக்கு ஒன்றுமே இல்லை. எல்லோருக்கும் இப்படி வராது, இரும்புச்சத்து குறைந்தவர்களுக்குக் கொஞ்சம் அதிகமாக வரும் என்று சொல்லி டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார்.

கோத்தகிரி செல்வி:
ராணி அக்கா, இரும்பு என்றதும் எனக்கு அம்மாதான். எஸ்டேட்டில் இருபத்தாறு வருஷம் கொழுந்து எடுத்தவர். ஹீமோகுளோபின் 7.8 என்று மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் 8.1. மாத்திரையே போடுவதில்லை போல என்று அந்த டாக்டரம்மா லேசாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அம்மா ஒன்றும் பேசவில்லை. மஞ்சப்பையைத் திறந்து காலியான மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் அடுக்கினார். ஒன்பது அட்டை. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

அப்புறம்தான் அந்தம்மா கேட்டார், "எதோட போடுறீங்க?" "டீயோடதான், வேற எதோட?" மலையில் பாதிப் பேர் அப்படித்தான். டீயில் இருக்கிற துவர்ப்புச் சத்து வயிற்றிலும் குடலிலும் இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. இரைப்பையைத் தாண்டியதும் வருகிற குடலின் முதல் பகுதியில்தான் இரும்பு பெரும்பாலும் உள்ளே போகும், அங்கே போகும்போது அது கட்டுண்டு கிடந்தால் குடல் எதை எடுக்கும்? மலத்தோடு வெளியே. கீரையில் இருக்கிற இரும்புக்கும் இதே கதிதான், கறியில் இருப்பது அந்த அளவுக்கு மாட்டுவதில்லை. எலுமிச்சைச் சாறோடு போடச் சொன்னார்கள், டீயை ஒன்றரை மணி நேரம் தள்ளி வைத்தோம். அடுத்த இரண்டு மாதத்தில் 10 தாண்டியது. இலையைக் கையால் கிள்ளியே வயசைக் கழித்த மனுஷிக்கு அந்த இலையே எதிரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, "நேரம் மாத்திக் குடிங்கம்மா" என்று மட்டும் சொன்னேன்.

இயற்கை நேசன், திண்டுக்கல்:
போன மே மாதம் கொடைக்கானல் போய் பட்டர் பீன்ஸ் குருமாவை ஒரு பிடி பிடித்தேன், ராத்திரி முழுக்க வாயு, ரூமில் யாரும் தூங்கவில்லை. இதற்கெல்லாம் காரணம் நம் பழக்கம்தான் நண்பர்களே. ஒவ்வொரு வாயையும் 32 தடவை மெல்ல வேண்டும், பல்லு எத்தனையோ அத்தனை. சாப்பிடும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது, குடித்தால் வயிற்று அமிலம் நீர்த்துப்போய் சாப்பாடு உள்ளேயே அழுகும். சாப்பாட்டோடு பழம் கூடவே கூடாது. இரவு ஏழு மணிக்கு மேல் அடுப்பே எரியக் கூடாது. வெந்நீரில் சீரகம், வாரம் ஒரு நாள் பட்டினி, மாதம் ஒரு தடவை பேதி. செல்வி சகோதரி, அம்மாவுக்கு மாத்திரை எல்லாம் நிறுத்திவிட்டு முருங்கைக் கீரைச் சூப் கொடுங்கள். கேத்தி நண்பர் நெய்யை நிறுத்தினாலே போதும்.

பெருமாள்மலை ஜான்சி:
நேசன் அண்ணே, உங்களை யாரும் வைத்தியம் கேட்கவில்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்வது தப்பு, அதைச் சொல்லத்தான் உள்ளே வந்தேன். தண்ணீர் விஷயமும் அப்படி இல்லை. ஒரு டம்ளர் குடித்தால் இரைப்பை மறுபடி அமிலம் சுரந்து சரிக்கட்டிவிடும். எச்சில், அமிலம், பித்தநீர், கணையநீர் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏழு லிட்டர் அளவுக்கு உள்ளே ஊறுகிறது, உங்கள் ஒரு டம்ளர் அதற்கு எம்மாத்திரம்! பீன்ஸ் வாயுவும் தண்ணீரால் வருவதில்லை. அதிலிருக்கிற சில சர்க்கரையை உடைக்க நம்மிடம் நொதியே கிடையாது, அது பெருங்குடலுக்குப் போய் அங்கிருக்கிற பாக்டீரியாவுக்கு விருந்தாகிறது.

இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டதில்லை. அப்பாவுக்குக் குடல் ஆபரேஷன் ஆகி, சிறுகுடலின் கடைசிப் பகுதியை வயிற்றில் ஓட்டை போட்டு வெளியே எடுத்துப் பை மாட்டியிருந்தார்கள். நான்தான் மாற்றுவேன். மத்தியானம் சோறு, மோர், மக்காச்சோளம் போட்ட சாலட் கொஞ்சம். சாயங்காலம் பையைக் கழற்றினால் சோறு இருந்த சுவடே இல்லை, ஆனால் சோளமணி முழுசு முழுசாக, போட்ட மஞ்சள் மாறாமல் கிடக்கிறது. சிலதைப் பிதுக்கிப் பார்த்தேன், தோல்தான் அப்படியே, உள்ளே வெறும் காலி. அந்தத் தோலை அமிலமும் ஒன்றும் செய்யவில்லை, குடலும் ஒன்றும் செய்யவில்லை. சில மணி முழுசாகவே இறங்கியிருந்தது, அவை அப்பா கடிக்காமல் விழுங்கியவை. மெல்ல வேண்டும் என்று நீங்கள் சொன்னது அந்த மட்டுக்கும் சரிதான் அண்ணே.

பையில் வருவது தண்ணியாகத்தான் இருக்கும். கடைசியாகத் தண்ணியையும் உப்பையும் இழுத்துக்கொள்கிற வேலை பெருங்குடலுடையது, அப்பாவுக்கு அதுவரைக்கும் எதுவும் போகவே இல்லை. உப்புப் போட்ட கஞ்சி கொடுத்துக்கொண்டே இருந்தோம், ஒரு நாள் விட்டதற்கு நாக்கு வறண்டு, கால் இழுத்துக்கொண்டது.

மூன்று மாதம் கழித்துக் குடலை உள்ளே சேர்த்துத் தைத்தார்கள். ஆறியதும், கொஞ்ச நாள் கழித்து எல்லாம் சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்னார். அப்பா கேட்டது ஏரிக்கரையில் சுட்ட சோளக்கருது, எலுமிச்சையில் மிளகாய்ப்பொடி தொட்டுத் தேய்த்தது. பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். 32 எல்லாம் இல்லை, ஏழு, எட்டுதான். "என்னடி வாயையே பாக்குற" என்று திட்டு வேறு.