டிஸ்சார்ஜ் சம்மரியில் 'பி.பி.ஏ.டி.' என்று இருக்கிறது, அப்படி என்றால் என்ன?

வைகைக்கரை:
தம்பியை நேற்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தோம். சம்மரியில் 'பி.பி.ஏ.டி., கரன்ட் எபிசோட் மேனிக், எஃப் 31.2' என்று எழுதியிருக்கிறார்கள். முன்பு டிப்ரஷன் என்று சொல்லித்தான் மாத்திரை கொடுத்தார்கள். இந்த முறை பத்து நாளாகத் தூக்கமே இல்லை, விடிய விடியப் பேச்சு, சேமிப்பையெல்லாம் கண்டவர்களுக்குக் கொடுத்துவிட்டு, தனக்குத் தனிச் சக்தி வந்திருப்பதாகச் சொன்னான். இது வேறு நோயா? மேனியா என்றால் பைத்தியம்தானே என்கிறார் பெரியப்பா. அம்மா அதைக் கேட்டு அழுகிறார்.

மழைக்கால்:
பைபோலார் அஃபெக்டிவ் டிஸார்டர் என்பதன் சுருக்கம்தான் அது. தமிழில் இருமுனையக் கோளாறு என்று எழுதுகிறார்கள். வேறு நோய் இல்லை, முன்பு வந்த டிப்ரஷனும் இப்போது வந்ததும் ஒரே நோயின் இரண்டு முனைகள், ஆனால் மேனியா, அதாவது மனம் அளவுக்கு மீறி வேகமெடுக்கும் நிலை, லேசான வடிவிலாவது ஒரு தடவை வெளிப்படாமல் எந்த டாக்டராலும் இதை உறுதியாகச் சொல்ல முடியாது. 'கரன்ட் எபிசோட்' என்பது இப்போதைய நிலை மட்டும், அது மாறும். 31.2 என்பது மேனியாவோடு நிஜமில்லாத நம்பிக்கைகளோ குரல் கேட்பதோ சேர்ந்திருப்பதற்கான எண், உங்கள் தம்பி சொன்ன அந்தச் 'சக்தி' இதில்தான் வரும். அதை வைத்து ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்) என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். முக்கியமாக, வீட்டில் மிச்சமிருக்கும் பழைய டிப்ரஷன் மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள், அதைத் தனியாகக் கொடுத்தால் சிலருக்கு மறுபடி மேனியா கிளம்பும்.

நடுவெயில்:
எனக்கே இந்த நோய் உண்டு, வேலைக்குப் போகிறேன், குடும்பம் இருக்கிறது, அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். காலையில் சிரித்து மாலையில் கோபப்படுகிறவரை எல்லாம் 'பைபோலார்' என்று கேலி செய்கிறார்களே, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. டிப்ரஷன் என்று சொல்லவே இரண்டு வாரமாவது நீடிக்க வேண்டும், மேனியாவுக்கு ஒரு வாரம். சம்மரியில் லித்தியம் என்ற, மனநிலையைச் சீராக வைக்கும் மாத்திரை இருக்கிறதா?

வைகைக்கரை:
இருக்கிறது, ராத்திரி மட்டும்.

நடுவெயில்:
அப்படியென்றால் ரத்தத்தில் லித்தியம் அளவு பார்க்கச் சொல்வார்கள். ராத்திரி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். தைராய்டு, கிட்னி டெஸ்டும் அவ்வப்போது உண்டு. தண்ணீரும் உப்பும் திடீரென்று குறையக் கூடாது. உடம்பு வலிக்கிறது என்று மருந்துக்கடையில் புரூஃபன், டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டால் லித்தியம் ஏறிவிடும். வாந்தி பேதி வந்தாலோ கை அதிகமாக நடுங்கினாலோ அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

மழைக்கால்:
ராத்திரியில் யாரிடமாவது கேட்க வேண்டுமென்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம்.