முழங்கால் தேய்மானத்துக்கு ஆர்த்ராஸ்கோபி: பயனில்லை என்று எப்படி முடிவு செய்தார்கள்?

சேலத்துவாசி கேட்டது:
மூட்டுத் தேய்மானத்தால் படியேறவே சிரமப்படும் என் தாயாருக்கு (வயது 63), ஆர்த்ராஸ்கோபி (சிறு துளை வழியே மூட்டுக்குள் கருவியைச் செலுத்திச் செய்யும் அறுவை) மூலம் மூட்டைக் கழுவிச் சுத்தம் செய்தால் வலி குறையும் என்று ஒரு மருத்துவர் சொன்னார். இங்கிலாந்தில் இதை நிறுத்திவிட்டதாக உறவினர் சொல்கிறார். பயனில்லாத சிகிச்சையை எவ்வாறு கண்டறிகிறார்கள், எவ்வாறு நிறுத்துகிறார்கள் என்பதை விவரமறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற எலும்பு மருத்துவர்:
நானும் அந்த அறுவையைப் பல ஆண்டுகள் செய்தவன். வலி குறைந்ததாக நோயாளிகள் சொன்னதையே சான்றாக நம்பினேன். ஆனால் வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நோயாளி நம்மிடம் வருகிறார். சில வாரங்களில் அது தானாகவே ஓரளவு தணிந்தாலும், பெயர் கத்திக்குப் போய்விடுகிறது. 2002இல் ஹூஸ்டனில் மோஸ்லி என்பவரின் குழு 180 நோயாளிகளை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்குத் தோலில் கீறல் மட்டும் போட்டுத் தையலிட்டது. யாருக்கு என்ன செய்யப்பட்டது என்பது நோயாளிகளுக்குத் தெரியாது. இரண்டு ஆண்டுகள் கவனித்தும், உண்மையான அறுவை பெற்றவர்கள் மற்றவர்களைவிடத் தேறவில்லை. அந்தக் கட்டுரையைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மன வேதனை இன்றும் நினைவில் இருக்கிறது.

லெஸ்டர் தமிழன்:
ஆய்வு வெளிவந்ததும் அறுவை நின்றுவிடவில்லை. அமெரிக்காவின் மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு, வலி மட்டுமே உள்ள தேய்மான முழங்காலுக்கு இதற்குப் பணம் தருவதில்லை என்று 2004இல் முடிவெடுத்தது. ஆனால் முழங்கால் எலும்புகளுக்கிடையே மெத்தைபோல் இருக்கும் சவ்வு கிழிந்ததைச் சீர்செய்கிறோம் என்ற காரணத்தால் அதே கருவி மூட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. வயதால் நைந்த சவ்வை வெட்டுவதும் போலி அறுவையைவிட மேலானதல்ல என்பதை 146 பேரிடம் நடந்த ஃபின்லாந்து ஆய்வு 2013இல் காட்டியது. இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை 2018 இறுதியில் 17 சிகிச்சைகளைப் பட்டியலிட்டு, அவற்றில் நான்கைத் தனி அனுமதியின்றிச் செய்யக்கூடாது என்றது. தேய்மான முழங்காலுக்கான ஆர்த்ராஸ்கோபி அந்த நான்கில் ஒன்று. என் பார்வையில், பணம் வழங்கும் விதி மாறாதவரை சான்று மட்டும் பழக்கத்தை மாற்றுவதில்லை.

இயன்முறை மருத்துவர்:
ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடிபட்டுச் சவ்வு கிழிந்து முழங்கால் மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, மூட்டுக்குள் சீழ் பிடித்தாலோ இதே அறுவை இன்றும் தேவைப்படலாம். கைவிடப்பட்டது கருவியல்ல, தேய்மான வலிக்கு அதைப் பயன்படுத்துவதுதான். சகோதரரே, அம்மாவுக்கு மூட்டு பூட்டிக்கொள்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இல்லையென்றால், தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியை மூன்று மாதம் விடாமல் செய்யவும், எடை கூடுதலாக இருந்தால் குறைக்கவும் உதவுங்கள். அறுவை வேண்டாம் என்று சொல்லி நோயாளியை வெறுங்கையோடு அனுப்பினால், அவர் வேறொரு மருத்துவமனையில் அதையே செய்துகொள்வார்.