மறு: சாசானியக் காசுகளில் ‘மிண்ட் சிக்னேச்சர்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

> ‘நாணயச்சாலைக் கையொப்பம்’ என்று வைத்துக்கொள்ளலாமா?

அன்புள்ள ஐயா,

‘கையொப்பம்’ வேண்டாம் என்பேன். கையொப்பம் என்றதும் படிப்பவர் ஓர் ஆளின் பெயரைத் தேடுவார். இங்கே இருப்பது ஊர்ப்பெயர்.

பாரசீகத்தை ஆண்ட சாசானிய மரபின் அரசர் இரண்டாம் குஸ்ரோவின் (590–628) வெள்ளிக்காசு ஒன்றைப் பாருங்கள். 4 கிராம் அளவு எடை, தகடுபோல மெல்லிசு. முன்புறம் இறக்கை வைத்த முடியோடு அரசர், அருகிலேயே அவர் பெயர். பின்புறம் நடுவில் தீப்பீடம், இருபுறமும் இரண்டு காவலர். இடப்பக்கக் காவலரை ஒட்டி ஆட்சியாண்டு. வலப்பக்கக் காவலரை ஒட்டிப் பஹ்லவியில், அதாவது அக்காலப் பாரசீக எழுத்தில், இரண்டு மூன்று எழுத்துகள். அவற்றுக்குத்தான் பெயர் தேடுகிறோம். ‘ஸ்த்’ என்றிருந்தால் இஸ்தக்ர், ‘தா’ என்றிருந்தால் தாராப்கெர்த். நாம் பெயருக்கு முன்னால் இனிஷியல் போடுகிற மாதிரி, காசு அடித்த ஊர் தன் இனிஷியலைப் போட்டிருக்கிறது.

சரி, ‘குறி’ என்று விட்டுவிடலாமா? அதிலும் ஒரு சிக்கல். நம் ரூபாய் நாணயத்தில் ஆண்டுக்குக் கீழே மும்பைக்கு வைரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி இருக்கும். ‘குறி’ அந்த ‘மிண்ட் மார்க்’குக்கே பொருத்தம். பாரசீகக் காசில் இருப்பதை வாசிக்க வேண்டும். எனவே ‘எழுத்து’.

முன்பாதிக்கு என்ன? ‘தங்கசாலை’ என்றால் சென்னைக்காரர்களுக்கு உடனே புரியும். ஆனால் வெள்ளிக்காசுக்குத் தங்கசாலை எழுத்து என்பது உறுத்துகிறது. ‘அக்கசாலை’ அழகான பழஞ்சொல்தான், பொற்கொல்லர் பட்டறையையும் அதுவே குறிக்கும். சுருக்கிச் ‘சாலையெழுத்து’ என்றாலோ நெடுஞ்சாலைப் பலகைதான் நினைவுக்கு வரும்.

என் பரிந்துரை: கம்பட்ட எழுத்து. கம்பட்டம் என்றால் நாணயம், நாணயம் அடிக்கும் தொழில். கம்பட்டக்கூடம் (நாணயச்சாலை), கம்பட்டமுளை (காசடிக்கும் அச்சு) என்றெல்லாம் அகராதியில் ஏற்கெனவே உண்டு. ‘மிண்ட் மார்க்’கைக் கம்பட்டக் குறி என்று பிரித்துவிடலாம். இன்று புழக்கத்தில் இல்லாத சொல் என்பது உண்மை. ஆனால் ஒரு கட்டுரையில் நான்கு முறை வந்தால் பழகிவிடும்.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்றால், அரிய காசுகளில் இந்த எழுத்துக்குத்தான் மதிப்பு. விஸ்தாம் என்பவர் குஸ்ரோவின் தாய்மாமன். மருமகனை அரியணை ஏற்ற உதவியவர், பிறகு அவருக்கு எதிராகவே எழுந்து தன் பெயரில் காசடித்தார். கிடைப்பது அரிதான அந்தக் காசுகளில் ரே நகரின் எழுத்து இருக்கிறது. இன்றைய தெஹ்ரானை ஒட்டிய ஊர். அந்த ஊர்க் கம்பட்டக்கூடம் அவர் கையில் இருந்தது என்பதற்குக் காசே சாட்சி. அரச குடும்பத்தில் பிறக்காமலே 590–591இல் முடிசூடிய பஹ்ராம் சோபினுக்கும் இதே கதைதான். அவரை எந்தெந்த ஊர் அரசராக ஏற்றது என்பதைக் கம்பட்ட எழுத்தை வைத்துத் தேடலாம். இதைப் போய்க் ‘கையொப்பம்’ என்றால் அந்த ஊரே மறைந்துபோகிறது.

அப்புறம் இன்னொன்று. இந்தச் சாசானிய வெள்ளிக்காசை ‘டிராம்’ என்று எழுதியிருந்தீர்கள். அது கிரேக்க ‘டிராக்மா’வின் வழி வந்த சொல். நம் கல்வெட்டுகளில் வரும் ‘திரமம்’ என்ற காசுப் பெயரும் அதே வழிதான் என்பார்கள். சாசானியக் காசையும் ‘திரமம்’ என்றே எழுதலாமா, அல்லது இரண்டும் ஒரே காசு என்று குழப்பிவிடுமா? கல்வெட்டுப் பழக்கம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.