விண்வெளியைக் காட்டித்தான் பிள்ளைகளுக்கு ஏரியைப் புரிய வைக்க வேண்டுமா?

கரும்பலகை:
பள்ளி அறிவியல் மன்றத்துக்கு இந்த வருடம் விண்வெளியை வைத்துச் சுற்றுச்சூழல் சொல்லித்தரலாமா என்று எங்கள் ஆசிரியர்களுக்குள் பேச்சு ஓடுகிறது. நான் வேண்டும் என்கிற கட்சி. ஒன்பதாம் வகுப்பில் 'நீர் சேமிப்பு' என்று பலகையில் எழுதினால் பாதிப் பேர் ஜன்னலைப் பார்க்கிறார்கள். அதே பிள்ளைகளிடம், சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ நாலு லிட்டர் தண்ணீர்தான், குடிப்பது, சாப்பாடு, பல் துலக்குவது எல்லாம் அதற்குள்தான், வியர்வை, மூச்சில் போகும் ஈரம், சிறுநீர் வரை பிடித்துச் சுத்திகரித்து மறுபடி குடிக்கிறார்கள், 2023-இல் அந்த மீட்பு 98 சதவீதத்தைத் தொட்டது என்று சொல்லுங்கள். முதலில் 'ஐயே' என்று கத்துவார்கள், அப்புறம் கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். நம் நகரங்களுக்குத் திட்டமிடும் அளவு ஆளுக்கு 135 லிட்டர். இந்த இரண்டு எண்களையும் வைத்தே ஒரு பாடவேளை பேசலாம்.

ஏரிக்கரை:
டீச்சர், உங்கள் அக்கறை புரிகிறது, ஆனால் இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் செங்கல்பட்டுப் பக்கம் ஏரிகளில் வேலை செய்கிறவன். எங்கள் ஊரில் தண்ணீர் திறந்துவிடும் மதகு எது, ஏரி நிறைந்தால் வழிந்தோடும் கலங்கல் எது என்று தெரியாமல் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாய் எங்கே அடைபட்டிருக்கிறது என்று கேட்டால் முழிக்கிறார்கள். இவர்களிடம் போய் விண்வெளி நிலையத்தில் சிறுநீரைச் சுத்திகரிக்கும் கதையைச் சொன்னால், 'விஞ்ஞானி யாராவது பார்த்துக்கொள்வார், மெஷின் வந்துவிடும்' என்றுதான் மனசில் படியும். ராக்கெட் என்றதும் கண் விரியும், சரிதான், ஆனால் அந்த ஆச்சரியம் ராக்கெட்டோடு போய்விடுகிறது, ஏரிப்பக்கம் வருவதில்லை.

பிக்சல்:
ஏரிக்கரை அண்ணா, 2019 கோடையை நினைத்துப் பாருங்கள். சென்னைக்குக் குடிநீர் தரும் புழல், செம்பரம்பாக்கம், பூண்டி, சோழவரம் நாலும் கிட்டத்தட்ட வறண்டு கிடந்தபோது, புழல் ஏரியின் ஒரு வருட இடைவெளிச் செயற்கைக்கோள் படங்கள் இரண்டை அருகருகே வைத்து உலகம் முழுக்கப் போட்டார்கள். ஒன்றில் நீலம், இன்னொன்றில் வெறும் மண். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற நமக்கே அந்தப் படம்தான் ஊரின் மொத்த நிலைமையைக் காட்டியது. சென்டினல்-2 செயற்கைக்கோளின் படங்கள் இன்றைக்கு இலவசம், ஐந்து நாளைக்கு ஒருமுறை புதுப்படம், படத்தின் ஒரு புள்ளி (பிக்சல்) தரையில் 10 மீட்டர். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களில் 1972 வரை பின்னால் போகலாம். ஒரு பிள்ளை தன் ஊர் ஏரியைப் பத்துப் பதினைந்து வருடத்துக்கு ஓட்டிப் பார்த்தால் ஆக்கிரமிப்பு எந்தக் கரையில் ஆரம்பித்தது என்று தானே கண்டுபிடிக்கும். பாடப்புத்தகத்தில் இதற்கு ஈடாக என்ன இருக்கிறது?

ஏரிக்கரை:
பிக்சல் தம்பி, நீங்கள் சொல்லும் அதே படத்தையே எடுத்துக்கொள்வோம். எங்கள் பக்கத்தில் ஒரு ஏரி, சாக்கடை கலந்து கலந்து முழுக்க ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது. கரையில் நின்றால் நாற்றம் தாங்காது, இலையை விலக்கினால் தண்ணீர் கறுப்பு. மேலிருந்து எடுத்த படத்தில் அது அருமையான பச்சைப் புல்வெளி. வறண்டுபோய்ச் சீமைக்கருவேலம் ஏறிய ஏரியும் பச்சைதான். பிள்ளை இதைப் பார்த்து 'இங்கே பசுமை கூடியிருக்கிறது' என்று புராஜெக்ட் எழுதும், அதற்குப் பரிசும் கொடுப்பார்கள். ஓசோன் ஓட்டையையும் பாருங்கள். 1985-இல் உலகத்துக்குச் சொன்னவர்கள் அண்டார்டிகாவில் ஹாலி ஆய்வு நிலையத்தில், ஓசோனை அளக்கும் பழைய டாப்சன் கருவியை வைத்து வருடக்கணக்கில் அளந்துகொண்டிருந்த பிரிட்டிஷ்காரர்கள். தரையில் நின்றவர்கள்!

பிக்சல்:
அண்ணா, ஓசோன் கதையைப் பாதியில் விடாதீர்கள். அந்த ஓட்டை எவ்வளவு பெரியது, அண்டார்டிகா மேல் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று காட்டியது நிம்பஸ்-7 செயற்கைக்கோள். இரண்டே வருடத்தில், 1987-இல், ஓசோனை அழிக்கும் வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்துவிட்டது. அந்த வண்ணப்படம் இல்லாமல் அத்தனை நாடுகளை உட்காரவைப்பது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும். அப்புறம், கரையில் நின்றால் தெரியாத தண்ணீர் ஒன்று இருக்கிறது, நிலத்தடி நீர். 2002-இல் போன கிரேஸ் என்கிற இரட்டைச் செயற்கைக்கோள்கள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஏறத்தாழ 220 கிலோமீட்டர் இடைவெளியில் பறந்தன. கீழே நிறை கூடினால் குறைந்தால் ஈர்ப்பு மாறி அந்த இடைவெளியும் துளி மாறும். அதை அளந்துதான் ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானாவில் 2002 முதல் 2008 வரை 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் போய்விட்டது என்று கணக்கிட்டார்கள். எந்த மதகில் நின்று இதைப் பார்க்க முடியும்?

தென்கடல்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் தூத்துக்குடி மாவட்டம். எங்கள் குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளம் வருகிறது, 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள், இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம். இங்கிருந்து நேராகத் தெற்கே ஏவலாம், ஸ்ரீஹரிகோட்டா போல இலங்கையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு அதில் பெருமை, எனக்கும்தான். ஆனால் ராக்கெட்டை வைத்துச் சுற்றுச்சூழல் நடத்தினால், ஏவும் நாளில் கடலுக்குப் போக முடியாத மீனவர், தேரி என்கிற எங்கள் செம்மணல் மேடும் பனையும், எரிபொருள் புகை எல்லாமே அந்தப் பாடத்தில் இருக்க வேண்டும். விண்வெளியை எல்லாருக்கும் நல்லது செய்யும் சாமியாக மட்டும் காட்டினால் அது விளம்பரம். இன்னொன்று, 'பூமி கெட்டால் செவ்வாய்க்குப் போய்விடலாம்' என்று என் அண்ணன் மகனே சொல்கிறான். இதை யார் சரி செய்வது?

கரும்பலகை:
தென்கடல் சார், அதைச் சரி செய்யவும் விண்வெளிப் பாடம்தான் வேண்டும். செவ்வாயில் காற்றழுத்தம் நம்முடையதில் ஒரு சதவீதம்கூட இல்லை, சராசரிக் குளிர் மைனஸ் 60 டிகிரி. அது போகட்டும், இங்கே பூமியிலேயே செய்து பார்த்தார்களே! 1991-இல் அரிசோனாவில் மூன்று ஏக்கர் கண்ணாடிக் கூடத்துக்குள் காடு, வயல், குட்டிக் கடல் எல்லாம் அமைத்து எட்டுப் பேர் இரண்டு வருடம் உள்ளே இருந்தார்கள், பயோஸ்பியர் 2 என்று பெயர். கொஞ்சம் கொஞ்சமாக ஆக்சிஜன் குறைந்து 14 சதவீதம் பக்கம் வந்து, படியேறவே மூச்சு வாங்கி, கடைசியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்தினார்கள். காரணம் என்ன தெரியுமா? வளமாக இருக்கட்டும் என்று மக்கிய உரம் நிறையச் சேர்த்த மண். அதிலிருந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை எடுத்துக் கரியமில வாயுவை விட, அந்த வாயுவைச் சுவர் கான்கிரீட் உறிஞ்சிக்கொண்டது, செடிகளுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. மண்ணையும் சிமென்ட்டையும் இப்படிச் சேர்த்து யோசிக்கவைக்கும் பாடம் எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை. நீங்கள் சொன்ன மீனவரையும் எரிபொருளையும் கட்டாயம் சேர்ப்போம், அதில் எனக்கு மறுப்பே இல்லை.

ஏரிக்கரை:
டீச்சர், பயோஸ்பியர் கதை நல்ல கதை, ஏன் பொய் சொல்ல வேண்டும். ஆனால் மன்றத்துக்குக் கிடைப்பது வாரத்தில் ஒரு பாடவேளை, அதுவும் தேர்வு வந்தால் போய்விடும். கணினி அறையில் பாதி கணினி ஓடாத பள்ளிகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். அரிசோனாவும் கிரேஸும் முடிந்து பிள்ளை ஏரிக்கரைக்கு எப்போது வரும்? முதலில் கூட்டிக்கொண்டு வாருங்கள். கலங்கலில் நிற்கட்டும், சாக்கடை எங்கே சேருகிறது என்று மூக்கால் தெரிந்துகொள்ளட்டும், அங்கே மாடு மேய்க்கிற பெரியவரிடம் போன வருடம் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்கட்டும். படத்தை முதலில் காட்டிவிட்டால் படத்தில் இருப்பதை மட்டும்தான் கரையில் தேடும்.

பிக்சல்:
வரிசையில்தான் நமக்குள் சண்டை என்றால் நான் இன்னும் எதிர்க்கட்சிதான் அண்ணா. முந்நூறு ஏக்கர் ஏரியில் படம் பார்க்காமல் இறங்கினால் பிள்ளைகள் பஸ் நிற்கிற கரையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். வரத்துக்கால்வாய் மேலே எந்த லேஅவுட்டில் நின்றுபோனது என்று கரையிலிருந்து தெரியாது. கணினி வேண்டாம், ஒரு ஏ3 தாளில் இரண்டு படம் பிரின்ட் போட்டால் போதும். உங்கள் ஆகாயத்தாமரை ஏரியின் பெயரை இங்கே போடுங்கள், 2016-இலிருந்து மார்ச் மாதப் படங்களை நான் எடுத்துத் தருகிறேன். பச்சை எந்த வருடம் ஏறியது என்று பார்ப்போம்.

ஏரிக்கரை:
பெயரைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். ஆனால் பிள்ளைகள் கரைக்கு வந்து போகும்வரை அந்தப் படங்களை வகுப்பில் காட்டாதீர்கள்.