கடைப் பெயரில் அடுத்தவர் டொமைன் வாங்கிவிட்டால்: டெல்டாக்காரர்கள் அனுபவம்

கும்பகோணத்திலிருந்து:

கடைகளுக்கு வெப்சைட் போட்டுக் கொடுப்பது என் தொழில். நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு செய்து விற்கும் ஒருவருக்காக இந்த டொமைன், அதாவது வெப்சைட் முகவரித் தகராறில் இறங்கினேன். அவர் கடைப் பெயரிலேயே எவனோ டாட் காம் வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு லட்சம் கொடுத்தால் தருகிறேன் என்று மெயில் போட்டிருந்தான். யாரென்று ஹூயிஸில், அதாவது டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கும் பதிவேட்டில் தேடினால் ஒன்றும் தெரியாது, 2018-இல் ஐரோப்பாவின் தனியுரிமைச் சட்டம் வந்ததிலிருந்து பெயர், முகவரியை மறைத்துவிடுகிறார்கள். ஆனால் ஆள் யாரென்று தெரியாமலே புகார் கொடுக்கலாம். அப்புறம் டொமைனைப் பதிவு செய்து கொடுத்த கம்பெனியான ரிஜிஸ்ட்ரார் தரும் விவரத்தை வைத்துப் புகாரைத் திருத்திக்கொள்ளலாம்.

டாட் காம் தகராறுகளைத் தீர்க்க உள்ள விதி யுடிஆர்பி, உலக அளவில் டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு 1999-இல் கொண்டுவந்தது. நாங்கள் போனது ஜெனீவாவில் இருக்கும் வைப்போவுக்கு, அதாவது இந்தப் புகார்களை நடுவர் வைத்து விசாரிக்கும் உலக அறிவுசார் சொத்து அமைப்புக்கு. ஐந்து டொமைன் வரை ஒரே நடுவர் என்றால் 1500 டாலர், மூன்று பேர் என்றால் 4000. குறைந்த கட்டணமே ஒன்றேகால் லட்சத்துக்கு மேல், வக்கீல் செலவு தனி. அவன் கேட்பதே ஒரு லட்சம்தானே, கொடுத்துத் தொலைக்கலாமே என்றார் கடைக்காரரின் தம்பி. கணக்கு சரிதான், ஆனால் இவனுக்குக் கொடுத்தால் நாளைக்கே டாட் நெட்டோடு இன்னொருவன் வந்து நிற்பான்.

கட்டணத்தைவிட எங்களுக்குக் கைகொடுத்தது 2015 ஜூலையில் நடைமுறைக்கு வந்த திருத்தம்தான். அதற்கு முன்னால் புகார் கொடுக்கும்போதே எதிராளிக்கும் ஒரு நகல் அனுப்பியாக வேண்டும், அது கையில் கிடைத்ததும் டொமைனை வேறு பெயருக்கு மாற்றிவிட்டு ஓடினவர்கள் உண்டு. இப்போது வைப்போ கேட்ட இரண்டு வேலை நாளுக்குள் ரிஜிஸ்ட்ரார் டொமைனைக் கைமாற்ற முடியாதபடி பூட்டியாக வேண்டும், பூட்டு விழும் வரை அவர் எதிராளியிடம் வாய் திறக்கக் கூடாது. எங்கள் ஆள் பூட்டு விழுந்ததும் இறங்கி வந்துவிட்டான். நடுவரை நியமிப்பதற்கு முன்பே சமரசம் ஆனதால் 1500-இல் 1000 டாலர் திரும்பக் கிடைத்தது. கடைக்காரரிடம் டிரேட்மார்க் சான்றிதழ் இருந்தது, அது இல்லையென்றால் நான் இந்த வேலைக்கே போயிருக்க மாட்டேன். டிரேட்மார்க்குக்குத் தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பம் போட்டால் ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு பொருள் வகைக்கு 4500 ரூபாய்தான்.

தஞ்சாவூரிலிருந்து:

எங்கள் பக்கம் தலையாட்டி பொம்மை விற்கிறவர்கள், ஊர்ப் பெயரும் பொம்மைப் பெயரும் சேர்ந்த ஒரு டொமைனைக் கேட்டுப் போகலாமா என்று வக்கீலிடம் விசாரித்தார்கள். புவிசார் குறியீடுதான் இருக்கிறதே என்று அவர்களுக்கு ஒரு தைரியம். யுடிஆர்பியில் புவிசார் குறியீட்டை மட்டும் காட்டினால் நிற்காது, டிரேட்மார்க் உரிமை வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். பதிவு செய்யாத பெயராக இருந்தாலும், நீண்ட நாளாக அந்தப் பெயரில் அறியப்படுகிறோம் என்று பில், விளம்பரம் எல்லாம் காட்டினால் ஏற்பார்களாம். பழைய பில்லை யார் எடுத்து வைத்திருக்கிறார்கள்?

மயிலாடுதுறையிலிருந்து:

நான் எதிர்ப்பக்கம் நின்றவன், அதனால் மேலே வந்த பூட்டுக் கதையைக் கேட்டால் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இல்லை. தாத்தா பெயரில் நடக்கும் எங்கள் லாட்ஜின் பெயரும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் பிராண்டும் எழுத்தில் ஒன்றாகப் போய்விட்டது. ஜெனீவாவிலிருந்து ஆங்கிலத்தில் மெயில் வந்ததும் ஏதோ ஏமாற்று வேலை என்று வீட்டில் அழிக்கப் பார்த்தார்கள். நல்ல வேளை தபாலிலும் ஒரு தாள் வந்தது.

பதில் போட 20 நாள். நடவு நேரம், ஆள் பின்னாலேயே அலைந்துகொண்டிருந்தோம், கூடுதலாக நான்கு நாள் கேட்டேன், கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். இதுவும் அதே 2015 திருத்தத்தில் வந்ததுதான். பதில் கொடுக்கக் கட்டணம் கிடையாது. நடுவர் மூன்று பேர் வேண்டும் என்று நாம் கேட்டால் மட்டும் 4000-இல் பாதி நம் தலையில், அந்தப் பக்கம் நான் போகவே இல்லை. புகார் கொடுத்தவர் மூன்று விஷயத்தையும் நிரூபிக்க வேண்டும்: பெயர் அவர் டிரேட்மார்க்கோடு ஒத்திருக்கிறது, நமக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதிவும் செய்து பயன்படுத்தியும் வருகிறோம். லாட்ஜ் லைசென்ஸ், பழைய வரி ரசீது, போர்டு போட்டோ என்று எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி அனுப்பினேன். புகார் தள்ளுபடி. ஒரே குறை, வீண் புகார் என்று தீர்ப்பிலேயே எழுதினாலும் நம் அலைச்சலுக்கு அவர்களிடமிருந்து ஒரு பைசா வாங்கித் தர அந்த விதியில் வழி இல்லை.

திருவாரூரிலிருந்து:

டாட் இன்னுக்கும் இதேதானா?

கும்பகோணத்திலிருந்து:

இல்லை. அதற்கு, டாட் இன் டொமைன்களை நிர்வகிக்கும் நிக்சி அமைப்பின் ஐஎன்டிஆர்பி என்ற தனி விதி 2005-இலிருந்து இருக்கிறது. கட்டணம் ரூபாயில், நடுவர் ஒருவர்தான், நம் 1996 நடுவர் சட்டத்தின் கீழ் நடக்கும். கெட்ட எண்ணம் பதிவிலோ பயன்பாட்டிலோ ஏதாவது ஒன்றில் இருந்தாலே போதும், டாட் காம் மாதிரி இரண்டையும் காட்ட வேண்டியதில்லை. வழக்குச் செலவைக் கொடுக்கச் சொல்லியும் நடுவர் உத்தரவு போடலாம். உள்ளூர் வியாபாரம் மட்டும் என்றால் டாட் இன்னையும் கையோடு வாங்கி வைத்துவிடுங்கள்.