சோலார் பிளான்ட் தெர்மல் ஆய்வு: லைசென்ஸ் உள்ள ட்ரோன் பைலட் கட்டாயமா?

தூத்துக்குடி_5மெகா:
தரையில் அமைத்த 5 மெகாவாட் பிளான்ட். 335 வாட் பேனல்கள், கிட்டத்தட்ட 15,000 எண்ணிக்கை, 20 ஏக்கர். வாகைக்குளம் விமான நிலைய எல்லையிலிருந்து சுமார் 10 கி.மீ. வருடாந்திர தெர்மல் ஆய்வுக்கு (பழுதான பேனலை அதன் சூட்டை வைத்துக் கண்டுபிடிப்பது) இரண்டு கொட்டேஷன் வந்திருக்கிறது. ஒருவர் கல்யாண வீடியோ எடுப்பவர். தெர்மல் கேமரா உள்ள ட்ரோனை வாடகைக்கு எடுத்து வருவாராம். "ரெண்டு கிலோவுக்குக் கீழே லைசென்ஸ் தேவையில்லை, ரெண்டு மணி நேரத்தில் முடிச்சிடலாம்" என்கிறார். இன்னொன்று சான்றிதழ் பெற்ற பைலட் வைத்திருக்கும் நிறுவனம், ஏறக்குறைய மூன்று மடங்கு விலை. முதலாளியிடம் என்ன காரணம் சொல்லி இரண்டாவதை ஒப்புதல் வாங்குவது? இல்லை, முதல் ஆளே போதுமா?

விதிப்புத்தகம்:
அந்த "ரெண்டு கிலோ" கதை பாதி உண்மை. ட்ரோன் விதிகள் 2021-இன்படி 250 கிராம் வரை நானோ, 250 கிராம் முதல் 2 கிலோ வரை மைக்ரோ, அதற்கு மேல் 25 கிலோ வரை ஸ்மால். மைக்ரோவுக்குச் சான்றிதழ் விலக்கு உண்டு, ஆனால் வணிக நோக்கம் இல்லாமல் பறக்கவிட்டால் மட்டும். நீங்கள் பில் போட்டுப் பணம் கொடுக்கிறீர்கள், அது வணிகம். அங்கேயே விலக்கு போய்விடுகிறது. (2022 பிப்ரவரி திருத்தத்துக்குப் பிறகு அதன் பெயர் ரிமோட் பைலட் சான்றிதழ். பேச்சில் எல்லோரும் இன்னும் லைசென்ஸ் என்றுதான் சொல்கிறார்கள்.)

உங்கள் இடத்தில் இன்னொரு சிக்கல். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரை உள்ள பகுதியில் தரையிலிருந்து 60 மீட்டர் வரைதான் பச்சை மண்டலம், அதாவது முன் அனுமதி இல்லாமல் பறக்கக்கூடிய வான்வெளி. அதற்கு மேலே மஞ்சள், ஏடிசி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) அனுமதி வேண்டும். மற்ற இடங்களில் உள்ள 120 மீட்டர் வரம்பை நினைத்துக்கொண்டு ஒருவர் ஏற்றினால் அனுமதியில்லாத வான்வெளியில் இருக்கிறார். தூரத்தைக் கூகுள் மேப்பில் அளந்து நம்பாதீர்கள், அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பிளான்ட்டின் நான்கு மூலைகளையும் வைத்துப் பாருங்கள். பறக்கும் நாள் காலையில் மறுபடியும் பார்க்க வேண்டும். விஐபி வருகை போன்ற காரணங்களுக்கு 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலம் அறிவிக்க முடியும்.

ஆர்டர் கொடுக்குமுன் வாங்க வேண்டியவை: பைலட்டின் சான்றிதழ் நகல் (அதில் உள்ள எடைப் பிரிவு கொண்டுவரும் ட்ரோனுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கவும், மைக்ரோவுக்கு வாங்கிவிட்டு 4 கிலோ ட்ரோனை எடுத்து வரக்கூடாது), ட்ரோனின் யுஐஎன் பதிவு எண், அது யார் பெயரில் இருக்கிறது, மூன்றாம் நபர் காப்பீடு. வாடகை ட்ரோனில் மாட்டுவது பெரும்பாலும் யுஐஎன்-இல்தான். 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை இருப்பதால், பதிவே இல்லாமல் கைமாறும் மெஷின்கள் சந்தையில் நிறைய.

விதிமீறலுக்கு அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை. முதலாளியிடம் அதைப் பெரிதாகச் சொல்ல வேண்டாம், காப்பீட்டைச் சொல்லுங்கள். சான்றிதழ் இல்லாதவர் ஓட்டி ட்ரோன் டிரான்ஸ்ஃபார்மர் யார்டில் விழுந்தால், காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது பைலட் சான்றிதழையும் யுஐஎன்-ஐயும்தான். இரண்டும் இல்லையென்றால் செலவு யார் தலையில் என்று அவரே கணக்குப் போட்டுக்கொள்வார்.

தெர்மல்கண்:
மேலே சொன்னது சரி. ஆனால் ஒன்றை மறந்துவிடக்கூடாது: சான்றிதழ் பறக்கத் தெரியும் என்பதற்குத்தான் அத்தாட்சி. பேனலில் சூட்டைப் படிக்கத் தெரியும் என்பதற்கு அல்ல. சான்றிதழ் இருந்தும் வெறும் கலர் படமாகக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

"ரெண்டு மணி நேரம்" என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 156 மி.மீ. செல்லுக்கு ஐந்து பிக்சல் வேண்டும், அதாவது ஒரு பிக்சல் 3 செ.மீ.க்குள். 640×512 சென்சார், 12 மைக்ரான் பிக்சல், 13 மி.மீ. லென்ஸ் என்றால் 30 மீட்டர் உயரத்தில் 2.8 செ.மீ. வரும். 60 மீட்டரில் 5.5 செ.மீ., ஒற்றைச் செல் சூடு பக்கத்துச் செல்லோடு கரைந்துவிடும். ஆக உங்களுக்கு 60 மீட்டர் வரம்பு ஒரு தடையே இல்லை.

30 மீட்டரில் படத்தின் அகலம் 18 மீட்டர். முழு மேப்புக்கு 70% பக்க ஓவர்லேப் (பக்கத்துப் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் அளவு) வைத்தால் கோட்டுக்குக் கோடு 5.4 மீட்டர். 20 ஏக்கர் என்பது 81,000 சதுர மீட்டர், எனவே 15 கி.மீ. பறக்க வேண்டும். வேகம் நொடிக்கு 3 மீட்டருக்கு மேல் போனால் தெர்மல் படம் இழுபடும். திரும்பும் நேரத்தையும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் வானத்திலேயே போகிறது. ஒரு பேட்டரிக்கு 20 நிமிடம் என்று வைத்தால் நாலைந்து செட் வேண்டும். தரையில் மாற்றும் நேரம் தனி. இரண்டு பேட்டரியோடு வந்து இரண்டு மணி நேரத்தில் கிளம்புகிறவர் உயரத்தைக் கூட்டியிருப்பார், இல்லை வேகத்தைக் கூட்டியிருப்பார்.

வெயில் பேனல் தளத்தில் சதுர மீட்டருக்கு 600 வாட்டாவது இருக்க வேண்டும். உங்கள் பிளான்ட் பைரனோமீட்டர் (வெயில் அளக்கும் கருவி) பதிவையும் படம் எடுத்த நேரத்தையும் அறிக்கையில் சேர்க்கச் சொல்லுங்கள். பிளான்ட் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அன்றைக்கு பேக்டவுன் உத்தரவு (உற்பத்தியைக் குறைக்கச் சொல்வது) வந்தோ இன்வெர்ட்டர் டிரிப் ஆகியோ கரண்ட் ஓடவில்லை என்றால் பழுதான செல் தனியாகச் சூடாகாது. எல்லாம் ஒரே மாதிரி தெரியும், அறிக்கை "பிரச்சினை இல்லை" என்று வரும். முந்தின நாளே பேனல்களைக் கழுவிக் காயவிடுங்கள், இல்லாவிட்டால் பறவை எச்சம் எல்லாம் ஹாட்ஸ்பாட் (சூடான புள்ளி) கணக்கில் சேர்ந்துவிடும்.

ஆளைச் சோதிக்க மூன்று கேள்வி போதும். ஒரு ஸ்ட்ரிங் (வரிசையாக இணைத்த பேனல்கள்) முழுக்க, இருபது முப்பது பேனலும் லேசாக, சமமாகச் சூடாக இருந்தால் என்ன? அந்த ஸ்ட்ரிங் கரண்ட் கொடுக்கவில்லை. பல ஸ்ட்ரிங்குகள் வந்து சேரும் காம்பைனர் பாக்ஸில் ஃபியூஸ், அல்லது பேனல் வயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டர் பழுது. ஒரு பேனலில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் சூடு? பைபாஸ் டயோட் (பழுதான பகுதியைத் தாண்டிக் கரண்டை அனுப்பும் பாகம்) பக்கம். ட்ரோன் நகர நகர ஹாட்ஸ்பாட்டும் நகர்ந்தால்? அது சூரியப் பிரதிபலிப்பு, பழுதே இல்லை. தடுமாறுகிறவருக்கு ஆர்டர் வேண்டாம்.

தூத்துக்குடி_5மெகா:
நன்றி சார். பேக்டவுன் விஷயம் யோசிக்கவே இல்லை. ஆர்டரில் என்னென்ன டெலிவரி கேட்பது? மழைக்கு முன்னால் ஆகஸ்டில் முடிக்கலாமா?

தெர்மல்கண்:
ஆகஸ்ட் வேண்டாம். உங்கள் பக்கம் தென்மேற்குக் காற்று அடிக்கும். காற்று பேனலைக் குளிரவைத்து வெப்ப வித்தியாசத்தைக் குறைத்துவிடும், மணிக்கு 28 கி.மீ.க்கு மேல் அடித்தால் எடுப்பதே வீண். ஜனவரி முதல் மார்ச் வரை வானமும் தெளிவு.

டெலிவரி: ரேடியோமெட்ரிக் ஜேபெக் மூலப்படங்கள், அதாவது ஒவ்வொரு பிக்சலிலும் வெப்பநிலை உள்ளவை. ஸ்க்ரீன்ஷாட்டும் வீடியோவும் ஏற்கப்படாது என்று எழுதுங்கள். கூடவே ஒவ்வொரு பழுதுக்கும் அதே இடத்தின் சாதாரணப் படம், இன்வெர்ட்டர்-காம்பைனர்-ஸ்ட்ரிங்-பேனல் எண். ஆர்டிகே (ஜிபிஎஸ் இடத்தைத் துல்லியமாகத் திருத்தும் வசதி) இல்லாத ட்ரோனில் ஜிபிஎஸ் 2, 3 மீட்டர் தள்ளும். உங்கள் பேனல் அகலம் ஒரு மீட்டர்தான், டெக்னீஷியன் நல்ல பேனலைக் கழற்றிக்கொண்டிருப்பார்.

காற்றுத்திசை:
தளத்தில் பார்க்க வேண்டியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேனல் ஸ்டாண்ட், இன்வெர்ட்டர் அறை பக்கத்தில் வைத்து டேக்-ஆஃப் செய்தால் இரும்பால் காம்பஸ் பிழை வரும். திறந்த தரையில், பாய் விரித்து ஏற்றி இறக்க வேண்டும். மண் புழுதி மோட்டாருக்கும் லென்ஸுக்கும் ஆகாது. சிக்னல் போனால் ட்ரோன் தானாகத் திரும்பும் உயரத்தை இடிதாங்கியையும் 33 கேவி லைனையும் விட மேலே, 60 மீட்டருக்குக் கீழே வைக்க வேண்டும். ஃபேக்டரி செட்டிங்கை அப்படியே விட்டால் நேராக லைனில் போய் மாட்டும். பேட்டரி 30 சதவீதத்தில் இறங்கிவிட வேண்டும்.

பேனல் மேல் விழுந்தால் யாரும் ஏறி எடுக்கக்கூடாது. கண்ணாடி உடைந்த ஸ்ட்ரிங்கில் 1000 வோல்ட், சில பிளான்ட்டில் 1500 வோல்ட் டிசி இருக்கும். முதலில் இன்வெர்ட்டரை நிறுத்துங்கள், பிறகு காம்பைனர் பாக்ஸில் ஐசோலேட்டர் (துண்டிக்கும் சுவிட்ச்), கடைசியில் ஃபியூஸ். கரண்ட் ஓடும்போதே ஃபியூஸை உருவினால் ஆர்க் (மின்பொறி) அடிக்கும். வெளிச்சம் இருக்கும்வரை ஸ்ட்ரிங்கில் வோல்ட் இருந்துகொண்டேதான் இருக்கும், அதனால் அதன் பிறகும் ஸ்ட்ரிங்கின் டிசி வோல்ட்டுக்கு ஏற்ற மின்காப்புக் கையுறை வேண்டும். நசுங்கிய லித்தியம் பேட்டரி பத்து நிமிடம் கழித்தும் பற்றும், பேனலுக்கு அடியில் காய்ந்த புல் இருந்தால் கேட்கவே வேண்டாம். பறக்கும் முன் புல் வெட்டி, மணல் வாளியோடு ஒருவரை நிறுத்துங்கள்.