தமிழ்99-க்கு மாறியதும் கன்ட்ரோல் + எஸ் வேலை செய்வதில்லை (பைதான், டிகேஇன்டர்)

இளநிரலன்:

வணக்கம். பைதான் 3.11, டிகே 8.6 (டிகேஇன்டர் பயன்படுத்தும் ஜன்னல் நூலகம்). தமிழில் குறிப்பு எழுத ஒரு சிறிய எடிட்டர் செய்கிறேன். உபுண்டு, விண்டோஸ் 10 இரண்டிலும் ஓட வேண்டும். இடப்பக்கம் கோப்புப் பட்டியலுக்கு லிஸ்ட்பாக்ஸ், வலப்பக்கம் டெக்ஸ்ட் விட்ஜெட், மேலே மெனு. தேடலுக்குத் தனியாக ஒரு டாப்லெவல் ஜன்னல், அதில் ஒரு என்ட்ரி (ஒற்றை வரி உள்ளீட்டுப் பெட்டி).

குறுக்குவிசைகள் எல்லாமே ரூட் என்ற முதன்மை ஜன்னலில் பைண்ட் செய்யப்பட்டவை, அதாவது விசையை ஒரு ஃபங்ஷனோடு கட்டியவை. கன்ட்ரோலுடன் சிறிய எஸ் என்றால் சேமிப்பு, பெரிய எஸ் என்றால் வேறு பெயரில் சேமிப்பு, ஓ என்றால் திறப்பு, எஃப் என்றால் தேடல். மெனுவில் ஆக்ஸிலரேட்டரும் கொடுத்திருக்கிறது. சிக்கல்கள் இவை:

1. விசைப்பலகையைத் தமிழ்99 தளவமைப்புக்கு மாற்றினால் ஒரு குறுக்குவிசையும் வேலை செய்வதில்லை. காப்பி, பேஸ்ட் கூட இல்லை.
2. ஆங்கிலத்தில் இருக்கும்போதே சில நேரம் கன்ட்ரோல் + எஸ் அடித்தால் "வேறு பெயரில் சேமி" பெட்டி வருகிறது.
3. கன்ட்ரோல் + ஓ அடித்தால் கோப்பு திறக்கும் பெட்டி வருகிறது, கூடவே டெக்ஸ்டில் ஒரு புது வரி விழுகிறது. உபுண்டுவில் கன்ட்ரோல் + எஃப் கர்சரை ஓர் எழுத்து வலப்பக்கம் தள்ளுகிறது.
4. தேடல் ஜன்னலில் ஃபோகஸ் இருந்தால் எதுவும் வேலை செய்வதில்லை.
5. டெக்ஸ்டில் எதையாவது தேர்ந்தெடுத்தால் லிஸ்ட்பாக்ஸில் தேர்வு மறைந்துபோகிறது. டெர்மினலில் இண்டெக்ஸ்எரர் வருகிறது.

எல்லாவற்றுக்கும் பொதுவான காரணம் ஏதாவது உண்டா, தனித்தனியாகப் பார்க்க வேண்டுமா?

சாளரம்:

ஐந்தாவது மட்டும் தனி. மற்ற நான்கும் ஒரே இடத்தில் போய் முடிகின்றன: அழுத்திய விசை எந்த வழியாகப் போகிறது, டிகே அதற்கு என்ன பெயர் வைக்கிறது என்பதில். ஆக்ஸிலரேட்டரை முதலில் ஒதுக்கிவிடலாம். அது மெனுவில் எழுத்தைக் காட்டுவதோடு சரி, எந்த விசையையும் கட்டாது.

விசை ஈவன்ட் ஃபோகஸ் இருக்கும் விட்ஜெட்டுக்குத்தான் வரும். அந்த விட்ஜெட்டின் பைண்ட்டேக்ஸ் பட்டியலில் உள்ள ஒவ்வொரு டேகிலும் வரிசையாகப் பொருத்தம் தேடப்படும். இயல்பான வரிசை நான்கு: அந்த விட்ஜெட், அதன் கிளாஸ், அது இருக்கும் டாப்லெவல், கடைசியில் "ஆல்". நீங்கள் ரூட்டில் கட்டியது மூன்றாவது படி. டெக்ஸ்ட் கிளாஸ் அதற்கு முன்பே தன் வேலையை முடித்துவிடும்.

டெக்ஸ்ட் கிளாஸுக்குள் ஈமேக்ஸ் என்ற எடிட்டரின் பாணியில் பல விசைகள் ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கின்றன. கன்ட்ரோல் + ஓ கர்சருக்குப் பின்னால் ஒரு வரியைத் திறக்கும். டி (D) அடுத்த எழுத்தை அழிக்கும். கே வரியின் கடைசி வரை அழிக்கும். டி-க்கு அடுத்துச் சொல்ல வேண்டியது எச். "மாற்று" என்ற வசதிக்குக் கன்ட்ரோல் + எச் வைப்பவர்கள் நிறைய. அது கர்சருக்கு முந்தைய எழுத்தைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டுப் பெட்டியைத் திறக்கும். சாய்வெழுத்துக்குக் கன்ட்ரோல் + ஐ வைத்தால் தேர்ந்தெடுத்த சொல் போய், அங்கே ஒரு டேப் வந்து உட்காரும். பயனரின் எழுத்து அழிகிற பிழை என்பதால் இதை அலட்சியமாக விடக்கூடாது. கன்ட்ரோல் + எஃப் கர்சரை நகர்த்துவது லினக்ஸில் மட்டும். விண்டோஸில் அந்தக் கட்டு இல்லை, அதனால்தான் அங்கே உங்களுக்குத் தெரியவில்லை.

தீர்வு, டெக்ஸ்ட் விட்ஜெட்டிலேயே பைண்ட் செய்து, அந்த ஃபங்ஷன் "பிரேக்" என்ற ஸ்ட்ரிங்கைத் திருப்பித் தருவது. அத்தோடு ஈவன்ட் அடுத்த டேகுக்குப் போகாமல் நின்றுவிடும். ரூட்டில் கட்டிய ஃபங்ஷன் பிரேக் தந்து பயனில்லை, கிளாஸ் ஏற்கெனவே ஓடி முடிந்திருக்கும். அதே ஃபங்ஷனை மெனுவும் கூப்பிடும் என்றால் ஈவன்ட் என்ற அளவுருவுக்கு நன் (None) என்று முன்னிருப்பு கொடுங்கள். பைண்ட் ஒரு ஈவன்டைக் கையில் கொடுத்துக் கூப்பிடும், மெனு வெறுங்கையோடு கூப்பிடும்.

இரண்டாவது சிக்கலுக்குக் காரணம் கேப்ஸ் லாக். அது எரிந்துகொண்டிருந்தால் எஸ் விசையின் கீசிம் (டிகே அதற்கு வைக்கும் பெயர்) பெரிய எஸ் ஆகிவிடும். நீங்கள் பெரிய எஸ்ஸை "வேறு பெயரில் சேமி"க்குக் கொடுத்திருக்கிறீர்கள். கேப்ஸ் லாக்கோடு ஷிஃப்டும் அழுத்தினால் நேர்மாறாகச் சிறிய எஸ் வரலாம். எனவே நான்கு கட்டுகள் தேவை: கன்ட்ரோல்-சிறிய எஸ், கன்ட்ரோல்-பெரிய எஸ் இரண்டும் சேமிப்புக்கு, கன்ட்ரோல்-ஷிஃப்ட்-பெரிய எஸ், கன்ட்ரோல்-ஷிஃப்ட்-சிறிய எஸ் இரண்டும் வேறு பெயரில் சேமிக்க. ஒரே டேகுக்குள் இரண்டு கட்டுகள் பொருந்தினால் கூடுதல் மாடிஃபையர் (ஷிஃப்ட், கன்ட்ரோல் போன்ற துணைவிசை) உள்ளதையே டிகே எடுக்கும், ஆகவே ஷிஃப்ட் அழுத்தும்போது குழப்பம் வராது. ஓ, எஃப் போன்றவற்றுக்கும் சிறியது, பெரியது இரண்டையும் கட்டுங்கள்.

விசைமணி:

முதல் சிக்கலுக்கு வருகிறேன். தமிழ்99-இல் எஸ் இருக்கும் இடத்தில் இ, ஓ இருக்கும் இடத்தில் ட, சி-யில் ஒ, வி-யில் வ. இயங்குதளத்தின் தளவமைப்பே தமிழாக மாறிவிட்டால் டிகேவுக்கு வரும் கீசிம் எஸ் ஆக இருக்காது. பதிப்பைப் பொறுத்து இரண்டு கேள்விக்குறிகளாகவோ வேறு பெயராகவோ வரும். கன்ட்ரோல்-எஸ் என்ற கட்டு அதோடு பொருந்த வழியே இல்லை. ரஷ்ய, கிரேக்கத் தளவமைப்புகளிலும் இதே கதைதான்.

முதலில் ஒன்றைச் சரிபாருங்கள். உபுண்டுவில் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி வழியாக எம்17என் தமிழ்99 வைத்திருந்தால் பொதுவாக இந்தச் சிக்கல் வராது. அடியில் ஆங்கிலத் தளவமைப்புதான் இருக்கும், கன்ட்ரோலுடன் வரும் விசையை உள்ளீட்டுக் கருவி தொடாமல் விட்டுவிடும். லினக்ஸின் சொந்த விசைப்பலகை அமைப்பான எக்ஸ்கேபி-யில் தளவமைப்பாகத் தமிழைச் சேர்த்தாலோ, விண்டோஸ் அமைப்புகளில் தமிழ் 99-ஐச் சேர்த்தாலோதான் வரும்.

இதற்கு வழி கீகோடு, அதாவது விசைக்கான எண். தளவமைப்பு தமிழானாலும் அந்த எண் மாறாது. விண்டோஸில் ஏ 65, சி 67, எஃப் 70, ஓ 79, எஸ் 83, வி 86, எக்ஸ் 88, இசட் 90. லினக்ஸில் அதே வரிசையில் 38, 54, 41, 32, 39, 55, 53, 52. வேலாண்ட் என்ற புதிய திரை அமைப்பில் இருந்தாலும் டிகே 8.6 எக்ஸ்வேலாண்ட் வழியாக ஓடுவதால் இதே எண்கள்தான். எதில் ஓடுகிறோம் என்பதை டிகே விண்டோயிங்சிஸ்டம் என்ற கட்டளையைக் கேட்டால் வின்32, எக்ஸ்11 என்று சொல்லும். "ஆல்" டேகில் கன்ட்ரோல்-கீ என்று பொதுவாக ஒரு கட்டு வைத்து, உள்ளே கீகோடைப் பார்த்துப் பிரித்து அனுப்புங்கள். காப்பி, பேஸ்டுக்கு ஈவன்ட்_ஜெனரேட் மூலம் அந்த விட்ஜெட்டுக்கே காப்பி, பேஸ்ட் என்ற மெய்நிகர் ஈவன்டுகளை அனுப்பலாம்.

இளநிரலன்:

இருவருக்கும் நன்றி. எஸ் சிக்கல் தீர்ந்தது. தமிழ்99-இலும் விசைகள் வேலை செய்கின்றன. ஆனால் இப்போது ஆங்கிலத்தில் கன்ட்ரோல் + வி அடித்தால் இரண்டு முறை பேஸ்ட் ஆகிறது.

சாளரம்:

ஆங்கிலத்தில் வி என்ற கீசிம் சரியாகவே வருவதால் டெக்ஸ்ட் கிளாஸ் ஒரு முறை பேஸ்ட் செய்கிறது. பிறகு ஈவன்ட் "ஆல்" வரை போய், உங்கள் கீகோடு ஃபங்ஷன் இன்னொரு முறை செய்கிறது.

விசைமணி சொன்ன எண்கள் சரி. ஆனால் கீகோடை முதல் வழியாக வைக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. லினக்ஸில் அது விசையின் இடத்தை மட்டுமே சொல்கிறது. எழுத்துகளை வேறு இடங்களில் வைக்கும் ட்வோராக் தளவமைப்பு வைத்திருப்பவர் எஸ் அழுத்தினால் அது 39 ஆக இருக்காது, அவர் வேறெதையோ அழுத்தும்போது கோப்பு சேமிக்கப்படும். கீசிம்தான் முதலில். அது ஆஸ்கிக்குள் (அடிப்படை ஆங்கில எழுத்துத் தொகுதி) அடங்கும் ஓர் ஒற்றை எழுத்தாக இல்லாதபோது மட்டும் கீகோடைப் பாருங்கள். இந்த ஒரு நிபந்தனையைச் சேர்த்தாலே இரட்டைப் பேஸ்டும் நின்றுவிடும், ட்வோராக்கும் பிழைக்கும்.

இனி "ஆல்" டேகை விட்டுவிடுங்கள். அதில் கட்டியது சிம்பிள்டயலாக் போன்ற பெட்டிகளுக்குள்ளும் ஓடும். பெயர் கேட்கும் பெட்டி திறந்திருக்கும்போது கன்ட்ரோல் + ஓ அடித்தால் அதன் மேல் இன்னொரு பெட்டி வரும். அதற்குப் பதிலாகச் சொந்தமாக ஒரு டேக் உருவாக்குங்கள். டேக் என்பது வெறும் ஒரு பெயர்தான், முன்கூட்டி அறிவிக்க வேண்டியதில்லை. "செயலிவிசை" என்று வைத்துக்கொள்வோம்.

பைண்ட்_கிளாஸ் மூலம் அந்தப் பெயரில் எல்லா எழுத்துகளையும், எஸ்ஸின் நான்கு கட்டுகளையும், பொதுவான கன்ட்ரோல்-கீ கட்டையும் ஏற்றுங்கள். பிறகு ஒவ்வொரு விட்ஜெட்டின் பைண்ட்டேக்ஸ் பட்டியலிலும் இந்தப் பெயரை முதல் இடத்தில் சேருங்கள். விட்ஜெட்டுகள் எல்லாம் உருவான பின் வின்ஃபோ_சில்ட்ரன் வழியாக உள்ளே உள்ளே இறங்கி ஒரு சிறிய ஃபங்ஷன் இதைச் செய்துவிடும். தேடல் ஜன்னலை உருவாக்கியதும் அதற்கும் ஒரு முறை கூப்பிடுங்கள். உங்கள் நான்காவது சிக்கலும் இத்தோடு தீரும். தேடல் என்ட்ரியின் பைண்ட்டேக்ஸில் இருப்பது அதன் சொந்த டாப்லெவல், ரூட் அங்கே இல்லை. அதனால்தான் ரூட்டில் கட்டியது எதுவும் ஓடவில்லை.

நம் டேக் முதலில் நிற்பதால், பிரேக் திருப்பித் தந்தால் டெக்ஸ்ட் கிளாஸின் புது வரி, கர்சர் நகர்வு எல்லாம் தடுக்கப்படும். பொதுக் கட்டு, நாம் கையாளாத விசைக்கு எதையும் திருப்பித் தரக்கூடாது. அங்கேயும் பிரேக் தந்துவிட்டால் ஆங்கிலத்தில் காப்பி, பேஸ்ட், கன்ட்ரோலுடன் அம்புக்குறி எல்லாம் செத்துவிடும். குறிப்பிட்ட எழுத்துக்கான கட்டு இருக்கும்போது பொதுக் கட்டு அதே டேகில் ஓடாது, அதனால் இரண்டு முறை சேமிக்கும் பயம் வேண்டாம்.

விசைமணி:

கீசிமை முதலில் பார்ப்பதே சரி, ஏற்கிறேன். பொதுக் கட்டுக்குள் இன்னும் இரண்டு சோதனைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டேட் என்ற எண்ணில் ஷிஃப்ட் 1, கேப்ஸ் லாக் 2, கன்ட்ரோல் 4. தமிழ்99-இல் சேமிப்பா, வேறு பெயரில் சேமிப்பா என்பதை 1 இருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். ஸ்டேட் சரியாக 4-தானா என்று ஒப்பிடாதீர்கள். எண்விசைகளுக்கான நம் லாக் (Num Lock) எரிந்தால் விண்டோஸில் 8-உம் லினக்ஸில் 16-உம் கூடிவிடும். பிட் அளவில் மட்டும் சோதியுங்கள்.

அடுத்தது ஆல்ட்ஜிஆர், அதாவது வலப்பக்க ஆல்ட் விசை. விண்டோஸ் அதைக் கன்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்ததாகவே அனுப்பும். ஆல்ட்ஜிஆரில் எழுத்து வைத்திருக்கும் தளவமைப்பில் ஒருவர் தட்டும்போது அது குறுக்குவிசையாகிவிடக் கூடாது. ஸ்டேட்டில் 131072 என்ற பிட் இருந்தால் அது விண்டோஸில் ஆல்ட். அப்போது ஒன்றும் செய்யாமல் வெளியேறுங்கள்.

கன்ட்ரோல் + இசட்டும் பட்டியலில் இருப்பதால் சொல்கிறேன்: டெக்ஸ்டில் அன்டூ இயல்பாக அணைந்தே இருக்கும். உருவாக்கும்போதே அன்டூவை ட்ரூ ஆக்குங்கள். ரீடூ லினக்ஸில் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + இசட், விண்டோஸில் கன்ட்ரோல் + ஒய். கோப்பை ஏற்றி முடித்தவுடன் எடிட்_ரீசெட் கூப்பிட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் பயனர் அன்டூவை அழுத்திக்கொண்டே போனால் ஏற்றிய கோப்பு முழுவதும் காணாமல் போய் வெற்றுப் பக்கம் வரும், அதை அவர் சேமித்தும் விடலாம்.

சாளரம்:

ஐந்தாவது பாக்கி. லிஸ்ட்பாக்ஸுக்கும் டெக்ஸ்டுக்கும் எக்ஸ்போர்ட்செலக்ஷன் இயல்பாக ட்ரூ. அப்படி இருந்தால் ஒரு நேரத்தில் ஒரு விட்ஜெட்தான் தேர்வை வைத்திருக்க முடியும், டெக்ஸ்ட் எடுத்ததும் லிஸ்ட்பாக்ஸ் இழக்கும். லிஸ்ட்பாக்ஸில் அதை ஃபால்ஸ் ஆக்குங்கள். டெக்ஸ்டில் அப்படியே விடுங்கள், லினக்ஸில் நடு மவுஸ் பட்டனால் ஒட்டுவதற்கு அது வேண்டும்.

இண்டெக்ஸ்எரர் வருவது, தேர்வு பறிபோகும்போதும் லிஸ்ட்பாக்ஸ்செலக்ட் ஈவன்ட் கிளம்புவதால். அந்த நேரத்தில், தேர்வைச் சொல்லும் கர்செலக்ஷன் வெற்று டூப்பிள் தரும், நீங்கள் அதில் 0-வது உறுப்பைக் கேட்கிறீர்கள். வெற்றா என்று முதலில் பார்த்துவிட்டு வெளியேறும் வரியை எப்படியும் வையுங்கள். எக்ஸ்போர்ட்செலக்ஷனைத் திருத்தினாலும், பட்டியல் காலியாக இருக்கும்போது அது உதவும்.

இளநிரலன்:

சொந்த டேக் முறையில் மாற்றிவிட்டேன். இரண்டு இயங்குதளத்திலும் ஐந்தும் தீர்ந்தன. ஒரே ஒரு சந்தேகம்: இனி ஏதாவது விசை ஓடவில்லை என்றால் எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

சாளரம்:

முதலில் ஃபோகஸ்_கெட் என்ன தருகிறது என்று அச்சிடுங்கள். ஃபிரேமும் கேன்வாஸும் கிளிக் செய்தாலும் தாமாக ஃபோகஸ் வாங்காது, ஃபோகஸ்_செட் சொல்ல வேண்டும். அடுத்து அந்த விட்ஜெட்டின் பைண்ட்டேக்ஸை அச்சிட்டு உங்கள் டேக் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாகச் சேர்த்த விட்ஜெட்டுகளில் விடுபடுவது இதுதான். பைண்ட்_கிளாஸுக்கு "டெக்ஸ்ட்" என்ற பெயரை மட்டும் கொடுத்துக் கூப்பிட்டால் அந்த கிளாஸில் இருக்கும் எல்லாக் கட்டுகளும் பட்டியலாக வரும். புதுக் குறுக்குவிசை வைக்கும் முன்பே அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

கீசிம், கீகோடு, ஸ்டேட் மூன்றையும் அச்சிடும் சோதனையை உங்கள் நிரலுக்குள் வைக்காமல், ஒரே ஒரு ஃபிரேம் உள்ள தனிச் சாளரத்தில் வையுங்கள். உள்ளே வைத்தால் அதைவிடக் குறிப்பான கட்டோ ஒரு பிரேக்கோ முந்திக்கொள்ளும், விசையே வரவில்லை என்று தவறாக நினைத்துவிடுவீர்கள்.